அடிக்கடி வரும் டான்சில்: தொண்டைக் கிருமி நம் எதிர்ப்புச் செல்களை என்ன செய்கிறது?

பாலக்கோட்டுக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஏழு வயது. போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து தொண்டை வலி, காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுவது என்று மாறி மாறி வருகிறது. எச்சில் விழுங்கவே அழுகிறாள். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் சதை சிவந்து வீங்கி, மேலே வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. மருந்து கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிடுகிறாள். அப்புறம் ஒரு மாதம் போனால் பழையபடி வந்துவிடுகிறது.

இப்போது ரத்தப் பரிசோதனையில் ஏ.எஸ்.ஓ. 400 என்று வந்திருக்கிறது. டான்சிலை ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்கிறார் ஒரு டாக்டர். என் அம்மா, "அது தொண்டைக்குக் காவல், அதைப் போய் எடுப்பார்களா" என்று சண்டைக்கு வருகிறார்.

என் கேள்வி இதுதான். உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, மேலே மருந்தும் போகிறது. அப்படியும் அதே கிருமி அதே இடத்தில் எப்படித் திரும்பத் திரும்ப வந்து உட்காருகிறது? பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி குறைவா? தெரிந்தவர்கள் விளங்கச் சொல்லுங்கள்.

மாங்காய்த்தோப்பு எழுதியது:

தம்பி, முதலில் ஐஸையும் பிரிட்ஜ் தண்ணீரையும் நிறுத்துங்கள். எங்கள் காவேரிப்பட்டணம் பக்கம் மிளகும் மஞ்சளும் போட்ட பால் கொடுப்போம். வெளியே கழுத்தில் சுண்ணாம்பையும் தேனையும் குழைத்துத் தடவுவோம். இன்னொன்று, தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் போர்வெல் தண்ணீரில் புளோரைடு அதிகம். அதுவும் காரணமாக இருக்குமோ என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம்.

அரூர் செவிலி எழுதியது:

ஒரு விஷயம் முதலில் சொல்லுங்கள் தம்பி. மூன்று நாளில் தெளிந்ததும் மருந்தை நிறுத்திவிடுகிறீர்களா, முழுசாகக் கொடுக்கிறீர்களா? என்ன மருந்து?

பாலக்கோட்டுக்காரன் எழுதியது:

அக்கா, சில தடவை மூன்று நாள் மருந்துதான் எழுதிக் கொடுத்தார்கள். சில தடவை ஐந்து நாள். காய்ச்சல் விட்டதும் அவள் குடிக்க மாட்டேன் என்கிறாள்.

நுண்ணுயிர் டீச்சர் எழுதியது:

தர்மபுரியில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன். வைத்தியம் சொல்வது டாக்டர் வேலை. உங்கள் கேள்வி என் பாடத்துக்குள் வருவதால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

முதலில் அய்யாவின் சந்தேகத்துக்கு: புளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் டான்சில் அழற்சி தொற்றால் வருவது. பெரும்பாலும் வைரஸ், சில நேரம் பாக்டீரியா. இருமும்போதும் பேசும்போதும் தெறிக்கும் துளிகளில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது. ஐஸ் கிருமியை உண்டாக்குவதில்லை. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடமிருந்துதான் வந்திருக்கும்.

பாலக்கோட்டுத் தம்பி, உங்கள் அம்மா சொன்னதில் உண்மை இருக்கிறது. மூக்கும் வாயும் தொண்டையில் சேரும் இடத்தைச் சுற்றி எதிர்ப்புத் திசு ஒரு வளையமாக இருக்கிறது. 1884-ல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் வால்டயர் அதை விவரித்ததால் வால்டயர் வளையம் என்கிறோம். நாம் டார்ச் அடித்துப் பார்க்கும் இரண்டு டான்சில்களும் அதில் ஒரு பகுதி. மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டும், நாக்கின் வேர்ப்பகுதியில் இருக்கும் திசுவும் அதே வளையம்தான்.

கழுத்திலும் அக்குளிலும் இருக்கும் நிணநீர்க் கணுக்களுக்குக் கிருமியின் செய்தி நிணநீர் வழியாகப் போய்ச் சேர வேண்டும். டான்சிலுக்கு அந்த உள்வரும் குழாயே கிடையாது. அது வாய்க்குள் வருவதை நேரடியாகத் தொடுகிறது. ஒவ்வொரு டான்சிலிலும் 10 முதல் 30 வரை ஆழமான குழிகள் உண்டு. குழியின் உட்சுவர் சல்லடையாக ஓட்டை விட்டிருக்கும், செல்கள் அதன் வழியாக வெளியே வந்து போகும். உண்ணும் சோறு, சுவாசிக்கும் காற்று, அதிலிருக்கும் கிருமி எல்லாம் அந்தக் குழிகளுக்குள் இறங்கும். அதற்குக் கீழேயே எதிர்ப்புச் செல்கள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன: கிருமியைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைச் செய்யும் பி செல்களும், அவற்றுக்கு உதவும் டி செல்களும்.

அங்கே முளை மையம் என்று ஒரு பகுதி. பி செல்கள் அங்கேதான் பெருகும், தங்கள் ஆன்டிபாடி மரபணுவைச் சின்னச் சின்னதாக மாற்றிப் பார்க்கும். எது கிருமியை நன்றாகப் பிடிக்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்து, "நீ பிழைத்துக்கொள், பெருகு" என்று குறிப்புக் கொடுப்பது உதவி டி செல். குறிப்புக் கிடைக்காத பி செல் செத்துப்போகும். மூன்று வயதிலிருந்து பத்து வயது வரை இந்த வேலை மும்முரமாக நடப்பதால்தான் அந்த வயதில் டான்சில் பெரிதாகத் தெரிகிறது. பெரிதாக இருப்பது மட்டும் நோயல்ல. பருவ வயதுக்குப் பிறகு தானாகச் சுருங்கும்.

தேன்கனிக்கோட்டை மாணவன் எழுதியது:

டீச்சர், அங்கேதான் எனக்குப் புரியவில்லை. எதிர்ப்புச் செல்கள் அவ்வளவு குவிந்திருக்கும் இடம் என்றால் கிருமி அந்தப் பக்கமே வரக் கூடாதே. அது ஏன் அதே இடத்தைத் தேடி வருகிறது?

நுண்ணுயிர் டீச்சர் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. எனக்கும் இந்தப் பாடத்தில் பிடித்த இடம் இதுதான்.

பிள்ளைகளுக்குப் பாக்டீரியாவால் வரும் டான்சிலில் முக்கியமானது ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ், முழுப் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ். மனிதனைத் தவிர அதற்கு வேறு வீடு இல்லை. ஆதலால் நம் எதிர்ப்புச் செல்களை எப்படிச் சமாளிப்பது என்பதில் அது நன்றாகத் தேறியிருக்கிறது.

கிருமி நுழைந்ததும் முதலில் ஓடி வருவது நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு. அதைக் கூப்பிட நம் உடம்பு இரண்டு முக்கியமான ரசாயனச் செய்திகளை அனுப்புகிறது: சி5ஏ, இன்டர்லூக்கின் 8. இந்தக் கிருமியிடம் இரண்டையும் வெட்டும் நொதிகள் தனித்தனியாக இருக்கின்றன. செய்தி துண்டானால் நியூட்ரோஃபில் வந்து சேரத் தாமதமாகும்.

அதையும் மீறி வந்த நியூட்ரோஃபில், தன் டிஎன்ஏவையே வலையாக வெளியே வீசிக் கிருமியைச் சிக்க வைக்கும். இப்படி ஒரு வலை உண்டு என்பதே 2004-ல்தான் தெரியவந்தது. ஸ்ட்ரெப் கிருமி டிஎன்ஏவைக் கரைக்கும் நொதியைச் சுரந்து அந்த வலையை அறுக்கிறது. இன்னும் நெருங்கினால் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என்ற நச்சுப்புரதம் நியூட்ரோஃபிலின் சவ்வில் துளை போடும். கிருமியின் மேற்புறத்தில் இருக்கும் எம் (M) என்ற புரதம் அதை விழுங்கவிடாமல் தடுக்கிறது. அதற்கும் வெளியே ஹயலூரானிக் அமிலத்தால் ஆன உறை. நம் மூட்டிலும் தோலிலும் இருக்கும் அதே பொருள் என்பதால் எதிர்ப்புச் செல் அதை அந்நியமாகப் பார்ப்பதில்லை.

இவ்வளவும் முன்வாசலில் நடப்பது. டி செல்லிடம் அது செய்வதுதான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. இரவு எழுதுகிறேன், வகுப்பு இருக்கிறது.

ஊத்தங்கரை லேப் எழுதியது:

டீச்சர் வருவதற்குள் அந்த ஏ.எஸ்.ஓ. பற்றி நான் சொல்லிவிடுகிறேன். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். இந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு முகம் வெளுத்துப் போகும் பெற்றோரைத் தினமும் பார்க்கிறேன்.

டீச்சர் சொன்னாரே, துளை போடும் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ, அதற்கு எதிராக நம் உடம்பு செய்த ஆன்டிபாடியின் அளவுதான் ஏ.எஸ்.ஓ. அதாவது இந்தக் கிருமி அண்மையில் வந்து போயிருக்கிறது, உடம்பு பதில் சொல்லியிருக்கிறது. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். தொற்று வந்து ஒன்று முதல் மூன்று வாரத்தில் ஏறத் தொடங்கும், மூன்று முதல் ஆறு வாரத்தில் உச்சத்துக்குப் போகும், பிறகு பல மாதம் எடுத்து மெதுவாக இறங்கும். பள்ளிக்கூடம் போகும் ஆரோக்கியமான பிள்ளைக்கே 200, 300 என்று இருக்கலாம்.

400 வந்துவிட்டது என்பதற்காக மட்டும் மாதாமாதம் பென்சிலின் ஊசி போட ஆரம்பிப்பது தவறு. மூட்டு வலி, நெஞ்சில் படபடப்பு, மூச்சுத் திணறல் இருக்கிறதா என்று டாக்டர் பார்த்த பிறகுதான் அந்த எண்ணுக்கு மதிப்பு. அறிகுறி எதுவும் இல்லாமல் "எண் இறங்கிவிட்டதா" என்று மாதம் ஒரு முறை ரத்தம் எடுக்க வருகிறார்கள். அதில் பிள்ளைக்கு ஒரு நன்மையும் இல்லை.

பாலக்கோட்டுக்காரன் எழுதியது:

ரொம்ப நன்றிங்க. இரண்டு வாரமாகத் தூக்கமே இல்லை, அந்த எண்ணைப் பார்த்து.

ஓசூர் ஷிப்ட் எழுதியது:

நடுவில் ஒரு சந்தேகம். எனக்கு முப்பது வயது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ஆனால் அவ்வப்போது தொண்டையிலிருந்து வெள்ளையாகச் சின்னக் கட்டி வெளியே வருகிறது, நாற்றம் தாங்க முடியவில்லை. இதுவும் அதே கிருமியா?

ஊத்தங்கரை லேப் எழுதியது:

இல்லை சார், அது டான்சில் கல். குழிகளில் உதிர்ந்த செல், உணவுத் துணுக்கு, பாக்டீரியா எல்லாம் தங்கிச் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியாவது. காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியாக்கள் கந்தக வாயுக்களை விடுவதால்தான் அந்த நாற்றம். உப்பு வெந்நீரில் கொப்பளித்துப் பாருங்கள். குச்சியோ ஊக்கோ வைத்துக் குத்தாதீர்கள், ரத்தம் வரும்.

நுண்ணுயிர் டீச்சர் எழுதியது:

வந்துவிட்டேன். டி செல் கதை.

சாதாரணமாக ஒரு கிருமியின் துண்டை ஒரு செல் எடுத்துக் காட்டும். அந்தத் துண்டுக்குப் பொருந்தும் ஏற்பி உள்ள டி செல் மட்டும் விழித்துக்கொள்ளும். பத்தாயிரத்தில் ஒன்றோ அதற்கும் குறைவாகவோதான் அப்படிப் பொருந்தும். ஸ்ட்ரெப் கிருமி சூப்பர் ஆன்டிஜென் என்ற புரதங்களைச் சுரக்கிறது. அதில் ஒன்று ஸ்பீ ஏ. அது பொருத்தமெல்லாம் பார்ப்பதில்லை. காட்டும் செல்லையும் டி செல்லையும் பக்கவாட்டில் பிடித்து ஒட்ட வைத்துவிடுகிறது. ஐந்தில் ஒரு டி செல் வரை ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளக்கூடும். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் "பென்னாகரம், பென்னாகரம்" என்று கூப்பிட்டால் பென்னாகரம் போகிறவர்கள் மட்டும் எழுந்திருப்பார்கள். யாரோ ஒருவர் "எல்லா வண்டியும் கிளம்புது" என்று கத்தினால் சேலம், அரூர், கிருஷ்ணகிரி போகிறவர்கள் எல்லாம் ஓடுவார்கள், யாரும் ஒழுங்காகப் போய்ச் சேர மாட்டார்கள். அதுதான் இங்கே நடக்கிறது.

எதிர்ப்புச் செல்களை இப்படி எழுப்புவதில் கிருமிக்கு என்ன லாபம்? 2014-ல் கனடாவில் எலிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். கிருமியின் துண்டை டி செல்லுக்கு எடுத்துக் காட்டும் மூலக்கூறுக்கு எச்எல்ஏ என்று பெயர். மனிதர்களின் எச்எல்ஏ பொருத்தப்பட்ட எலிகளின் மூக்கில் ஸ்ட்ரெப் கிருமி நன்றாகக் குடியேறியது. ஸ்பீ ஏ இல்லாத கிருமியால் அந்த அளவுக்கு நிலைக்க முடியவில்லை. ஆக அந்தக் குழப்பம் தற்செயல் இல்லை. கிருமி தொண்டையில் காலூன்ற அது வேண்டும்.

இப்போது பாலக்கோட்டுத் தம்பியின் கேள்விக்கு நேராக வருகிறேன். அமெரிக்காவில் லா ஹோயா நோய் எதிர்ப்பியல் நிறுவனத்தில் ஷேன் குரோட்டியின் குழு 2019-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. குழந்தைகளிடமிருந்து அறுவையில் எடுத்த டான்சில்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரு கூட்டம், ஸ்ட்ரெப் தொற்று அடிக்கடி வந்ததால் எடுத்தவை. இன்னொரு கூட்டம், தூக்கத்தில் மூச்சு அடைபட்டதால் எடுத்தவை, அடிக்கடி தொற்று இல்லாதவை.

அடிக்கடி தொற்று வந்த பிள்ளைகளின் டான்சிலில் முளை மையங்கள் சிறியவையாக இருந்தன. ரத்தத்தில் ஸ்பீ ஏவுக்கு எதிரான ஆன்டிபாடி குறைவு. அதைவிட முக்கியம் அடுத்தது: பி செல்லுக்குக் குறிப்புக் கொடுக்க வேண்டிய உதவி டி செல்லை ஸ்பீ ஏ தொட்டதும், அது கிரான்சைம் பி, பெர்ஃபோரின் ஆகியவற்றைச் செய்ய ஆரம்பித்தது. இவை கொல்லும் டி செல்கள் பயன்படுத்தும் ஆயுதங்கள். அந்த உதவி டி செல்கள் பி செல்களைக் கொல்லவும் செய்தன.

வளர்த்துவிட வேண்டிய செல்லே பி செல்லைக் கொல்கிறது. அதனால் அந்தக் கிருமியை அடையாளம் காணும் ஆன்டிபாடி தேறி வருவதில்லை, அடுத்த முறை கிருமி வரும்போது தொண்டை மறுபடி புதிதாக ஆரம்பிக்கிறது.

ஆகவே "பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி குறைவா" என்ற கேள்விக்கு என் பதில்: ஒட்டுமொத்தமாகக் குறைவு என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை. குறிப்பிட்ட ஒரு கிருமி, குறிப்பிட்ட ஒரு இடத்தில், எதிர்ப்பின் பாடத்தையே கலைத்துவிடுகிறது. பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, கேழ்வரகுக் களி ஊட்டவில்லை என்று வீட்டில் யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம். முக்கியமாகப் பிள்ளையின் அம்மாவைச் சொல்ல வேண்டாம்.

பாலக்கோட்டுக்காரன் எழுதியது:

டீச்சர், கடைசி வரியை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, ஃபோனை வாங்கித் திரும்ப ஒரு முறை அவளே படித்தாள்.

இன்னொன்று கேட்கணும். எனக்கும் சின்ன வயதில் டான்சில் எடுத்திருக்கிறார்கள். பரம்பரையா?

நுண்ணுயிர் டீச்சர் எழுதியது:

இருக்கலாம். அதே ஆய்வில் இந்த நோய்க்கு ஆளாகும் பிள்ளைகளிடம் சில எச்எல்ஏ மரபணு வகைகள் அதிகமாகவும், சில குறைவாகவும் இருந்தன. குடும்பத்தில் டான்சில் எடுத்தவர்கள் இருப்பதும் அதிகம். ஸ்பீ ஏ ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறே எச்எல்ஏதான், ஆதலால் வகைக்கு வகை பாதிப்பு மாறுவதில் வியப்பில்லை.

தேன்கனிக்கோட்டை மாணவன் எழுதியது:

அது அமெரிக்கப் பிள்ளைகள் டீச்சர். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்துமா?

நுண்ணுயிர் டீச்சர் எழுதியது:

மரபணு பற்றிய பகுதியை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. எச்எல்ஏ வகைகள் மக்களுக்கு மக்கள் வேறுபடும். டி செல்லை ஸ்பீ ஏ பிடிக்கும் விதம் மாறாது.

அரூர் செவிலி எழுதியது:

டீச்சர் சொன்னது எல்லாம் அருமை. ஆனால் இதில் பெரிய பயம் ஒன்று இன்னும் வரவில்லை, அதை நான் சொல்லியே ஆக வேண்டும்.

பல வருஷம் முன்பு மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு பையனைப் பார்த்தேன். பத்துப் பதினோரு வயசு. முதலில் முழங்கால் வீங்கியது, அது வடிந்ததும் கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு. வீட்டில் ஓடி விளையாடி அடிபட்டது என்றே நினைத்தார்கள், எண்ணெய் தடவி உருவிவிட்டார்கள். நான் போனபோது திண்ணையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு படி ஏறி உள்ளே போவதற்குள் மூச்சு வாங்கியது. சட்டையைத் தூக்கினால் நெஞ்சு துடிப்பது கண்ணுக்கே தெரிந்தது. கேட்டபோது அவன் அம்மா, மூன்று வாரம் முன்னால் தொண்டை வலி வந்து தானாகச் சரியாகிவிட்டது என்றார். இதய வால்வு கெட்டுப்போயிருந்தது.

இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். ஐந்திலிருந்து பதினைந்து வயதுக்குள் அதிகம். தொண்டை வலி வந்து இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து வரும். கிருமியின் எம் புரதமும் நம் இதயத் திசுவில் இருக்கும் சில புரதங்களும் ஒத்திருப்பதால், கிருமிக்காகத் தயாரான ஆன்டிபாடியும் டி செல்லும் இதயத்தையே தாக்குகின்றன. டீச்சர் இன்னும் நன்றாக விளக்குவார்.

தம்பி, அதனால்தான் முதலிலேயே மருந்து பற்றிக் கேட்டேன். ஸ்ட்ரெப் என்று டாக்டர் உறுதி செய்தால் பென்சிலின் அல்லது அமாக்சிசிலின் பத்து நாள். காய்ச்சல் விட்டாலும் பத்து நாள். குடிக்க மாட்டாள் என்றால் ஒரே ஊசியாகப் போடும் பென்சத்தீன் பென்சிலின் இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் மருந்து ஆரம்பித்துவிட்டால்கூட ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும்.

மாங்காய்த்தோப்பு எழுதியது:

அம்மா, படித்ததும் மனசு கனத்துவிட்டது. ஒரு கேள்வி. இத்தனை காலம் பென்சிலின் கொடுத்தும் கிருமி பழகிப்போயிருக்காதா? எல்லா மருந்துக்கும் இப்போது அப்படித்தானே சொல்கிறார்கள்.

நுண்ணுயிர் டீச்சர் எழுதியது:

அய்யா, இந்த ஒரு கிருமி விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். எண்பது வருஷம் ஆகியும் ஏ வகை ஸ்ட்ரெப்புக்கு பென்சிலின் இன்னும் வேலை செய்கிறது. அசித்ரோமைசின் போன்றவற்றுக்குத்தான் எதிர்ப்பு வந்திருக்கிறது. மூன்று நாள் மாத்திரை சுலபம் என்று எல்லாரும் அதற்குப் போவது எனக்குக் கவலை.

பிறகு ஏன் முழு மருந்துக்கு அப்புறமும் சில பிள்ளைகளுக்குத் திரும்புகிறது என்றால், இன்னொரு காரணம் உண்டு. ஸ்ட்ரெப்பும், ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவும் டான்சில் செல்களுக்கு உள்ளேயே புகுந்து இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். பென்சிலின் செல்லுக்குள் நன்றாகப் போகாது. குழிகளுக்குள் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாக இருந்தாலும் மருந்து எட்டுவது கடினம்.

அதோடு ஏறத்தாழ பத்தில் ஒரு பள்ளிப் பிள்ளை இந்தக் கிருமியை நோயில்லாமலே தொண்டையில் வைத்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு வைரஸ் சளி வரும்போது ஸ்வாப், அதாவது பஞ்சுக் குச்சியால் தொண்டையில் தொட்டு மாதிரி எடுத்தால் ஸ்ட்ரெப் என்றுதான் காட்டும். டாக்டர் பிள்ளையை நேரில் பார்த்து முடிவு செய்வது அதனால்தான் அவசியம்.

பாலக்கோட்டுக்காரன் எழுதியது:

அப்படியானால் ஆபரேஷன்? எடுத்தால் காவல் போய்விடுமா?

நுண்ணுயிர் டீச்சர் எழுதியது:

இங்கேதான் என் கருத்தும் உங்கள் அம்மா கருத்தும் பிரிகிறது. எடுத்த பிறகும் வால்டயர் வளையத்தின் மற்ற திசுக்கள் இருக்கின்றன. பிள்ளை எதிர்ப்பில்லாமல் போய்விடாது. அதே நேரம் சும்மா எடுக்கிற உறுப்பும் இல்லை. டென்மார்க்கில் சுமார் 12 லட்சம் பிள்ளைகளின் பதிவுகளை வைத்து 2018-ல் வந்த ஆய்வு, சிறு வயதில் டான்சில் எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் மேல் சுவாசப் பாதை நோய்கள் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. எடுத்ததால்தான் வந்தது என்று அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவசரப்பட வேண்டாம் என்பதற்கு அது போதும்.

காது மூக்கு தொண்டை டாக்டர்கள் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். ஒரே வருஷத்தில் ஏழு முறை, அல்லது தொடர்ந்து இரண்டு வருஷம் வருஷத்துக்கு ஐந்து முறை, அல்லது மூன்று வருஷம் வருஷத்துக்கு மூன்று முறை. ஒவ்வொரு முறையும் தொண்டை வலியோடு காய்ச்சலோ, கழுத்தில் நெறியோ, டான்சிலில் சீழோ, ஸ்வாபில் ஸ்ட்ரெப்போ பதிவாகியிருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம், பல பிள்ளைகளுக்குத் தானாகவே குறைந்துவிடுகிறது. அந்த அளவைத் தாண்டி, பள்ளிக்கூடம் போக முடியாமல் கிடந்தால், கலைந்துபோன அந்தத் திசுவை வைத்துக்கொண்டு பிள்ளை அவதிப்படுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

அரூர் செவிலி எழுதியது:

எடுப்பதாக இருந்தால் ஒன்று நினைவில் வையுங்கள். முதல் நாளும், ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரையும் ரத்தம் கசிகிறதா என்று கவனிக்க வேண்டும். பிள்ளை தூங்கும்போது அடிக்கடி எச்சில் விழுங்கினால் டார்ச் அடித்துப் பாருங்கள். எடுத்த இடத்தில் வெள்ளையாகப் படிவது சீழ் இல்லை, பயப்பட வேண்டாம். சிவப்பாகக் கசிந்தால் உடனே ஆஸ்பத்திரி.

பாலக்கோட்டுக்காரன் எழுதியது:

நேற்று மகளைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போனோம். நெஞ்சில் வைத்துக் கேட்டார், மூட்டெல்லாம் அழுத்திப் பார்த்தார், எக்கோவும் எடுக்கச் சொன்னார். இதயம் நன்றாக இருக்கிறது. மாதாமாதம் ஊசி தேவையில்லை என்றார். பழைய சீட்டுகளில் பாதி எங்களிடம் இல்லை, எது ஸ்ட்ரெப், எது வெறும் சளி என்று தெரியாமல் கத்தி வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். இனி ஒவ்வொரு முறையும் தேதி, காய்ச்சல் அளவு, ஸ்வாப் முடிவு எழுதி வரச் சொன்னார். நோட்டு வாங்கிவிட்டோம். அம்மாவுக்கும் நிம்மதி. அடுத்த முறை வந்தால் ஸ்வாப் எங்கே, எப்போது எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஊத்தங்கரை லேப் எழுதியது:

ஆன்டிபயாடிக் முதல் வேளை கொடுப்பதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். ஒரு வேளை உள்ளே போய்விட்டாலும் கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், அது வளராமல் போகலாம். குச்சி நாக்கிலோ கன்னத்திலோ படாமல் இரண்டு டான்சிலிலும், பின் தொண்டையிலும் தொட வேண்டும். பிள்ளைக்கு ஓக்காளம் வரும், அவசரப்படுத்தாமல் மடியில் உட்கார வைத்துத் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரத்த அகார் என்ற வளர்ப்புத் தட்டில் வளர ஒரு நாள் முதல் இரண்டு நாள் ஆகும். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உங்களுக்கு தர்மபுரியிலேயே இருக்கிறதே, காலையில் போய் அங்கே கேளுங்கள்.